"என்னைப் பற்றி" என்ற பெட்டி

தமிழ்ப் பள்ளியில் பெரியவர்களுக்கு வலைப்பூ வகுப்பு எடுக்கச் சொன்னபோது மறுக்க வாய் வரவில்லை. ஊரை விட்டு வந்து குடியேறிய நொய்கெல்னில் கணினியில் தமிழ் அடிக்கத் தெரிந்த பெண் என்று பெயர் எடுத்ததன் பலன். வலைப்பூவுக்கு எப்படிப் பெயர் வைப்பது, பழைய எழுத்துருவில் அடித்தால் மற்றவர் திரையில் ஏன் கிறுக்கலாகத் தெரிகிறது என்றெல்லாம் குறிப்பு எழுதினேன். அதை யாரிடமாவது ஒத்திகை பார்க்க வேண்டும். கணினியே தெரியாத ஆள் என்று வீட்டில் இருந்தவர் கணவர்தான்.

அவருக்கு உணவகச் சமையலறையில் வேலை, திங்கட்கிழமை லீவு. சுட்டியை அகப்பைக் காம்பு மாதிரி இறுக்கிப் பிடித்தார். "மெள்ள அமத்துங்கோப்பா, உடைஞ்சு போகும்!" என்று கத்தினேன். பொறுமைக்கும் எனக்கும் வெகுதூரம். "என்னைப் பற்றி" என்ற பெட்டி வந்ததும், "இதிலை நீங்கள் ஆரெண்டு எழுதுங்கோ. பிறகு மனசிலை வாறதை ஒரு பதிவாய் எழுதுங்கோ" என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோதும் ஒற்றை விரலால் தட்டிக்கொண்டிருந்தார். நல்லது, வகுப்பு சரிவரும் என்று நினைத்துக்கொண்டேன். வாசித்துப் பார்க்கவில்லை.

மறுநாள் காலை பாரிசிலிருந்து அவருடைய தங்கை தொலைபேசி எடுத்தாள். "அண்ணி, அண்ணை இரவு எடுத்துச் சொன்ன பக்கத்தை வாசிச்சு அழுதுபோட்டன். எனக்குத் தெரிஞ்ச எல்லாருக்கும் அனுப்பியிருக்கிறன்."

ஓடிப்போய்த் திறந்தேன். எங்கள் ஆட்கள் சந்தித்தால் முதலில் கேட்பதே, "ஊரிலை எவடம்? ஆற்றை மகன்?" என்றுதான். மனிதர் அந்தப் பெட்டியில் அதற்கெல்லாம் பதில் எழுதியிருந்தார். ஊர், குறிச்சி, தகப்பன் பெயர், படித்த பள்ளிக்கூடம். கீழே முதல் பதிவு முழுக்க அவருடைய தம்பி. கொழும்பில் எந்த ஒழுங்கையில், எந்த லொட்ஜின் மேல்மாடியில் விசாவுக்குக் காத்திருக்கிறான் என்ற விபரம், போதாததற்குப் படமும். சண்டை மறுபடி தொடங்கியிருந்தது. கொழும்பில் எங்கள் பெடியங்களை வெள்ளை வானில் கடத்திக்கொண்டு போய்க் காணாமல் ஆக்கிய காலம் அது.

"உங்களுக்கு மூளை இருக்கோ?"

"உதை ஆர் வாசிக்கப்போகினம்? எங்கடை ஆக்கள்தானே" என்றார்.

"உலகமே வாசிக்கும்! அதுக்குத்தான் இந்தச் சாமான்!"

அதைச் சொல்லும்போதே ஆத்திரம் என் பக்கம் திரும்பியது. எப்படி எழுதுவது என்று சொல்லிக்கொடுத்த நான், எதை எழுதக்கூடாது என்று ஒரு வரி சொல்லவில்லை. என் குறிப்பிலும் அது இல்லை.

பக்கத்தை வெளியார் பார்க்க முடியாதபடி மறைத்துவிட்டுத் தம்பிக்கு எடுத்தோம். கைத்தொலைபேசி நிறுத்தியிருந்தது. மறுபடி எடுத்தோம். அவர் வேலைக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டுத் தொலைபேசிக்குப் பக்கத்திலேயே இருந்தார். சாப்பிடவில்லை. நானும் அவரைத் திட்டுவதை விட்டுவிட்டேன்.

மத்தியானம் போல் அவனே எடுத்தான். "எம்பசியிலை நிண்டனான் அண்ணி. உள்ளுக்கை போன் கொண்டுபோக ஏலாது."

விசயத்தைச் சொன்னேன். "நான் இப்பவே வேறை இடம் மாறுறன். அதை அழிச்சுப்போடுங்கோ" என்றான். "அழிக்க முதல் எனக்கு ஒருக்கா வாசிச்சுக் காட்டச் சொல்லுங்கோ."

அவர் தொலைபேசியை வாங்கி முதல் வரியை வாசித்தார். குரல் உடைந்து, அதை என்னிடமே தந்துவிட்டார். நான் வாசித்தேன். வீட்டில் எவரிடமும், என்னிடம் கூட, அவர் சொல்லாத கதை. கடைசி வரிகள் இப்படி இருந்தன: "விடிய நான் வெளிநாட்டுக்கு வெளிக்கிடேக்கை தம்பி நித்திரை. எழுப்பினால் அழுவான் எண்டு சொல்லாமலே வந்திட்டன். அவன் எழும்பித் தேடியிருப்பான்."

மறுமுனையில் அவன் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"நான் அண்டைக்கு நித்திரை இல்லை, அண்ணி. அழுதால் அண்ணை போகமாட்டார் எண்டு கண்ணை மூடிக்கொண்டு கிடந்தனான். அவருக்குச் சொல்லிப்போடாதேங்கோ."

தொலைபேசியை வைத்தேன். அவர் சுட்டியைப் பிடித்தபடி இருந்தார். உண்மையாகவே அழிக்கவா என்று திரை கேட்டுக்கொண்டு நின்றது.

"என்னவாம் தம்பி?" என்றார்.

"நல்லாய் எழுதியிருக்கிறியளாம்" என்றேன்.

அவர் மெள்ள அமத்தினார்.