மச்சான் வேண்டாம் என்ற காபி

எங்கள் ஹாலில் ஃப்ரிட்ஜுக்கும் வாஷ்பேசினுக்கும் நடுவே ஒரு மூலை சும்மா கிடந்தது. சும்மா என்றால் சும்மா இல்லை; பழைய செய்தித்தாள், காற்றடிக்கும் பம்பு, ஒரு கால் போன ஸ்டூல் எல்லாம் அங்கேதான் குடியிருந்தன. கேளம்பாக்கத்தில் இருக்கிற எங்கள் அலுவலகம், வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை பார்க்கலாம் என்று சொன்ன அன்றே நான் முடிவு செய்துவிட்டேன். அந்த மூலையில் காபி பார் வரும்.

வீட்டுக்குள் பார் வைக்கிறோம் என்று தெருவில் உளறி வைக்காதீர்கள் என்று மட்டும் மனைவி சொன்னாள். அவள் கேம்ப் ரோட்டில் ஒரு பள்ளியில் ஆசிரியை. அவளுக்கு மானம் மரியாதை முக்கியம். எனக்குக் காபி முக்கியம்.

தச்சரிடம் போனில் படம் காட்டினேன். மேலே விளக்கு, நடுவில் மெஷின், கீழே கோப்பை மாட்டக் கொக்கிகள். அவர் நன்றாகப் பார்த்துக்கொண்டார், தலையாட்டினார், தனக்கு என்ன செய்யத் தெரியுமோ அதைச் செய்து கொண்டுவந்தார். அதற்குப் பெயர் பூஜை அலமாரி. மேலே வளைவு, இரண்டு பக்கமும் மணி தொங்கவிடும் கொக்கி, உள்ளே மஞ்சள் பல்பு. கொக்கியில் கோப்பையை மாட்டினேன். மறுநாள் கேஸ் சிலிண்டர் போட வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டு அதைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கும்பிடுகிறவரைத் தடுக்க நான் யார்?

பார் வைப்பது பெரிதில்லை, அதைக் கட்டி மேய்ப்பதுதான் பெரிது. சேலையூர் போர் தண்ணீர் வாளியையே வெள்ளையடித்துவிடும், மெஷினை விடுமா? வாங்கிய மாதமே சிவப்பு விளக்கு எரிய ஆரம்பித்தது. எலுமிச்சை உப்பைக் கரைத்து ஊற்றி அதன் வயிற்றைக் கழுவினேன். பிறகு அதற்கென்று தனியாகக் கேன் தண்ணீர். வீட்டில் மனிதர்கள் காய்ச்சிய தண்ணீரைக் குடிக்க, மெஷின் கேன் தண்ணீர் குடித்தது. சர்க்கரை ஜாடியைத் தேடி எறும்புகள் ஊர்வலமாக வந்தன. தட்டில் தண்ணீர் ஊற்றி நடுவில் ஜாடியை வைத்தேன். பால் பீய்ச்சுகிற குழாயைத் தினமும் கழுவாவிட்டால் ஊசிப்போன வாடை ஹால் முழுக்க அடிக்கும். கைக்குழந்தையை வளர்ப்பது இதைவிடச் சுலபம் என்றாள் மனைவி. தன் பித்தளை ஃபில்டரை மட்டும் அடுப்படியை விட்டு அசைக்க அவள் சம்மதிக்கவில்லை. அவள் போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: பகலில் அவள் பள்ளிக்குப் போயிருக்கும்போது யார் வந்தாலும் காபி கொடுப்பது என் பொறுப்பு.

அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்? யார் வந்தாலும் வாசலிலேயே ஆரம்பித்துவிடுவேன். கப்புச்சினோ இருக்கிறது, லாட்டே இருக்கிறது, கறுப்புக் காபி இருக்கிறது, எது வேண்டும்? எதிர் வீட்டு டீச்சரக்கா, எதற்குச் சிரமம், இப்போதுதான் குடித்தேன் என்பார். சரி என்பேன். குடியிருப்போர் சங்கச் செயலாளர், பரவாயில்லை சார் என்பார். நானும் பரவாயில்லை என்று விட்டுவிடுவேன். மனிதர்களை வற்புறுத்தாத நாகரிகமான வீடாக நம் வீட்டை மாற்றிவிட்டோம் என்று எனக்குள் ஒரு பெருமிதம். மெஷினும் தேயாமல் இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மச்சான் வந்தார்.

மச்சான் என்றால் என் மனைவியின் ஒரே அண்ணன். பொத்தேரிப் பக்கம் அவர்கள் குடும்பத்துக்கு நிலம் இருந்தது. இப்போது அந்த நிலத்தின் மேல் வீடுகள் கட்டிக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு வாடகைக்கு விட்டிருக்கிறார். எங்கள் கிரகப்பிரவேசத்தன்று என் அலுவலகத்துக்காரர்கள் திரும்பிப் போக அவசரப்பட்டார்கள். அவர்களை முதல் பந்தியில் உட்கார வைத்தேன். அடுத்த பந்தியில் தெருக்காரர்கள். மச்சானுக்கு மூன்றாம் பந்தியில்தான் இலை கிடைத்தது, அந்த நேரம் பார்த்துப் பாயசம் தீர்ந்துவிட்டது. பாயசம் தீர்ந்தால் சமையல்காரரைக் கேட்க வேண்டும். மச்சானோ பாதி இலையில் எழுந்து, கூடியிருந்தவர்கள் காது கேட்க, இந்த வீட்டில் இனி ஒருத்தர் கையாலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனார். அதோடு சரி. அதன் பிறகு ஒவ்வொரு பொங்கலுக்கும் என் மனைவி போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அது அடிக்காது. இவளாகவும் கூப்பிட மாட்டாள். வீம்பு அவர்கள் குடும்பச் சொத்து. அதை மட்டும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள்.

அன்றைக்கு நான் காதில் ஹெட்செட்டோடு மீட்டிங்கில் இருந்தேன். மச்சான் தனியாக உள்ளே வந்து உட்கார்ந்தார். பையனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறதாம். முறைப்படி ஜோடியாக வந்து பத்திரிகை வைப்பதற்கு முன்னால் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போக வந்தாராம். நான் மைக்கை அணைத்துவிட்டுக் காபி வேண்டுமா மச்சான் என்று கேட்டேன். வேண்டாம் மாப்ள என்றார். அவர் சபதம் எனக்கு நினைவிருந்தது. சரி மச்சான் என்று மரியாதையாகச் சொன்னேன். அவர் மெஷினைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். மறுபடி மெஷினைப் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து போய்விட்டார்.

மாலையில் இதை மனைவியிடம் பெருமையாகத்தான் சொன்னேன். அவர் வாக்கைக் கெடுக்கக்கூடாது என்று நான் ஒரு தடவைக்கு மேல் கேட்கவில்லை என்றேன். அவள் தோள்பையைக்கூட இறக்கவில்லை.

"தண்ணிகூடத் தொட மாட்டேன்னு போனவர் படியேறி வர்றாருன்னா, எதுக்கு வர்றாரு? குடிக்கத்தான் வந்திருக்காரு."

அவர்தானே வேண்டாம் என்றார் என்றேன். அதற்கு அவள், பள்ளியில் பின்வரிசைக்குச் சொல்லிக் கொடுக்கிற குரலில் விளக்கினாள். முதல் வேண்டாம் மரியாதைக்கு. இரண்டாவது வேண்டாம், நமக்குச் சிரமமாயிற்றே என்பதற்கு. அதற்கு மேலும் ஒருவர் வேண்டாம் என்றால்தான் அது அவர் வயிற்றைப் பற்றிய சமாசாரம். அதுவும் வீட்டுக்கு வந்தவரைக் கேட்பதே தப்பு, கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். நாற்பதைத் தாண்டிய பிறகு இதைத் தெரிந்துகொண்டேன். கூடவே, இவ்வளவு பெரிய மெஷினை வைத்துக்கொண்டு ஒரு வாய் காபி கொடுக்காத வீடு என்று தெருவே பேசுகிறது என்பதும் அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு அவள் குரல் உடைந்துவிட்டது. ஒரே அண்ணன் மகன் கல்யாணத்தில் அத்தைக்காரியாக மேடையில் நிற்காமல், கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து எழுந்து வரப்போகிறேன் என்று அழுதாள். எனக்கு அந்த அலமாரியை அப்படியே தூக்கித் தெருவில் போட்டுவிடலாமா என்றிருந்தது.

நாட்கள் போயின. ஜோடியாக யாரும் வரவில்லை. எங்களுக்குப் பின்தெருவில் ஒரு வீட்டுக்கு மச்சான் வீட்டுக் கல்யாணப் பத்திரிகை வந்துவிட்டது என்று டீச்சரக்கா வந்து சொன்னார். நான் கேட்காமலே ஒரு கப்புச்சினோவை அவர் கையில் திணித்தேன். அவர் பயந்துபோனார்.

அந்தச் சனிக்கிழமை வண்டியை எடுத்துக்கொண்டு பொத்தேரிக்குப் போனேன். உட்கார்ந்ததுமே உள்ளேயிருந்து டம்ளரும் டவராவும் வந்தன. யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை.

"குடி மாப்ள. எங்க வூட்ல கேக்க மாட்டோம்" என்றார் மச்சான்.

டம்ளரைக் காலி செய்து கீழே வைத்தேன். உங்கள் தங்கை சரியாகச் சாப்பிடுவதில்லை மச்சான் என்று மட்டும் சொன்னேன். அது உண்மையும்கூட. அவர் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாளைக்கு வருவோம் என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் தட்டும் பத்திரிகையுமாக வந்தார்கள். மனைவி விடியற்காலையிலேயே ஃபில்டரில் பொடி போட்டுக் கெட்டியாக இறக்கி வைத்திருந்தாள். நுரை பொங்க டம்ளரைக் கொண்டுவந்து அண்ணன் முன்னால் நீட்டினாள். அண்ணி தன் டம்ளரை உடனே எடுத்துக்கொண்டார். மச்சான் எடுக்கவில்லை.

"நாலு பேர் எதிர்ல சொன்ன வார்த்தைன்னு ஒண்ணு கீதேம்மா" என்றார். கோபமாகச் சொல்லவில்லை, பாவமாகத்தான் சொன்னார். அவருக்கே அதிலிருந்து இறங்க வழி தெரியவில்லை. இவள் நீட்டிய கையை மடக்கவும் இல்லை. டம்ளரில் நுரை அடங்கிக்கொண்டே வந்தது.

மச்சான் சட்டென்று எழுந்து என் அலமாரி முன்னால் போய் நின்றார். கொக்கியிலிருந்து ஒரு கோப்பையை எடுத்தார். உதவி செய்ய நான் எழுந்தேன். மனைவி பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவர் கண்ணில் பட்ட ஒரு பொத்தானை அழுத்தினார். மெஷின் மிக்ஸியில் கல் விழுந்த மாதிரி அலறிவிட்டுக் கறுப்பாக ஏதோ வடித்தது.

"யார் கையாலயும் வாங்கல, பார்த்துக்கோ. நானே போட்டுக்கினேன்" என்று எங்களுக்குக் காட்டிவிட்டு ஒரே மூச்சில் குடித்தார்.

பாலில்லை, சர்க்கரையில்லை, அதுவும் இருப்பதிலேயே கடுமையான பொத்தான். அவர் முகம் விளக்கெண்ணெய் குடித்த பிள்ளையின் முகமாகிவிட்டது. கோப்பையைக் கொக்கியில் மாட்டத் தெரியாமல் என் கையில் கொடுத்தார். நேரே தங்கையிடம் போனார்.

"கண்றாவியா கீது. வாயெல்லாம் கசக்குது, அத்த இங்க குடு."

அவள் கையிலிருந்த டம்ளரை வாங்கிக் கடைசிச் சொட்டு வரை குடித்தார். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே, ஆறிப்போச்சே அண்ணா, சூடா இன்னொண்ணு தரேன் என்றாள். வேண்டாம்மா என்றார். அவள் காதில் வாங்காமல் உள்ளே போனாள். நானும் அதைக் கவனித்து மனதில் குறித்துக்கொண்டேன்.

கல்யாணத்தில் என் மனைவி பட்டுப்புடவையில் அண்ணனுக்குப் பக்கத்தில், மேடையை விட்டு இறங்காமல் நின்றாள். அவ்வளவு சிரித்து அவளை நான் பார்த்ததில்லை. மச்சான் என்னையும் மறக்கவில்லை. தானே கையைப் பிடித்து அழைத்துப்போய் மூன்றாம் பந்தியில் உட்கார வைத்தார். பாயசம் தீர்ந்திருந்தது. பரிமாறுகிறவர் குனிந்து, காபி வேணுமா சார் என்று கேட்டார்.

வேண்டாம் என்றேன். சரி என்று போய்விட்டார்.