கொடியில் மிஞ்சிய படம்

கல்யாண மண்டபங்களில் படமெடுப்பது என் தொழில். மேடையில் யாரை யார் பக்கத்தில் நிறுத்த வேண்டும் என்று எனக்கு ஒருவரும் சொல்ல வேண்டியதில்லை. பேச்சுவார்த்தை இல்லாத அண்ணன் தம்பியைப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிடுவேன். நடுவில் ஒரு பெரியம்மாவை நிறுத்தி இரண்டு பேரையும் சிரிக்க வைத்தும் விடுவேன். அந்தத் தைரியத்தில்தான், ஒரு கலை அமைப்பிலிருந்து கூப்பிட்டு ‘கம்யூனிட்டி’ என்ற தலைப்பில் படங்கள் எடுத்துத் தருவீர்களா என்று கேட்டபோது யோசிக்காமல் சரி என்றேன். அதற்காகப் பெங்களூரு முழுக்க அலைய வேண்டுமா என்ன? ஸ்ரீராம்புரத்தில் எங்கள் சந்து போதும். ஒரு வீட்டில் மிளகாய் வறுத்தால் நாலு வீட்டில் தும்முகிற சந்து அது.

எனக்கு உள்ளுக்குள் வேறொரு திட்டமும் இருந்தது. எங்கள் வீடும் சித்தப்பா வீடும் முன்பு ஒரே வீடு. தாத்தா காலமானதும் நடுவில் சுவர் எழுப்பினார்கள். மாடிப்படி எங்கள் பக்கம் வந்துவிட்டது. மொட்டைமாடியில் துணி காயப்போட சித்தி எங்கள் வாசல் வழியாகத்தான் வர வேண்டும். படியெல்லாம் ஈரம் சொட்டுகிறது என்று அம்மா ஏதோ சொல்ல, சித்தி பதிலுக்கு ஏதோ சொல்ல, அன்றோடு இருவருக்கும் பேச்சு நின்றது. அப்பாவும் சித்தப்பாவும் வழக்கம்போல ஒன்றாகவே டீக்கடைக்குப் போனார்கள். அம்மாவும் சித்தியும்தான் வருஷக்கணக்காக முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். பள்ளிக்கூட நாட்களில் எனக்குத் தலை பின்னி விட்டவள் சித்தி. அவளை அம்மா ‘அவங்க’ என்று சொல்லும்போதெல்லாம் எனக்குப் பொறுக்காது. இருவரையும் பேச வைத்தே தீருவது என்று இருந்தேன். என்னால் முடியும் என்றும் நம்பினேன்.

வழி தானாகவே கிடைத்தது. ஒரு காலை, குழாயில் தண்ணீர் வந்திருந்தது. சித்தப்பா வாசலில் நீல டிரம்மைக் கழுவிக்கொண்டிருந்தார். கை வழுக்கி டிரம் சந்துச் சரிவில் உருள ஆரம்பித்தது. லுங்கியைத் தூக்கிப் பிடித்தபடி அவர் பின்னாலேயே ஓட, அவர் பின்னால் ஒரு நாயும் ஓடியது. குழாயடியில் ஆளுக்கொரு குடத்தோடு விறைப்பாக நின்றிருந்த அம்மாவும் சித்தியும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நிற்க முடியாமல் சித்தி அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டாள். அதை நான் படமெடுத்துவிட்டேன். அடுத்த நொடியே சண்டை ஞாபகம் வந்து இருவரும் விலகிக்கொண்டார்கள்.

சந்தில் இருக்கிற துணிக்கொடிகளிலேயே கண்காட்சி வைத்தேன். அமைப்பிலிருந்து மறுநாள் காலை ஒரு மேடம் பார்க்க வருவதாக இருந்தது. முதல்நாள் சாயங்காலமே, சந்தில் வீட்டுக்கு வீடு எடுத்த படங்களைக் கிளிப் போட்டு மாட்டினேன். அம்மாவும் சித்தியும் இருக்கும் படத்தை நட்ட நடுவில், எங்கள் இரண்டு வீட்டுக்கும் எதிரே மாட்டினேன். வேண்டுமென்றேதான்.

“அந்தப் படத்த எடுத்துடு. ஊரே பாக்கணுமா?” என்றாள் அம்மா.

“பாக்கட்டும். சிரிச்சது நீதானே?” என்றேன்.

காலையில் கதவைத் திறந்தால் கொடிகளில் வெறும் கிளிப்புகள் மட்டும் தொங்கின. எனக்கு மூக்குக்கு மேல் கோபம். “யாரு வேல இது?” என்று நடுச்சந்தில் நின்று கத்தினேன். எதிர்வீட்டு ஆட்டோக்காரர் பல் துலக்கிக்கொண்டே வெளியே வந்தார்.

“எதுக்குமா காலங்காத்தால பேஜார் பண்ற? ராத்திரி தூறல் போட்டுச்சி. நனைஞ்சி போவாதா? அவங்கவங்க போட்டோவ அவங்கவங்க எடுத்துக்கினு போய்ட்டோம்.”

அப்போதுதான் பார்த்தேன், ஒன்றே ஒன்று மட்டும் கொடியில் மிஞ்சியிருந்தது. அது எது என்று சொல்லவே தேவையில்லை.

“அந்த போட்டோவ யாரு தொடுவாங்க?” என்றார் அவர். “உங்கம்மா கைல குடுத்தா உங்க சித்தி கோச்சிக்கும். சித்தி கைல குடுத்தா உங்கம்மா கோச்சிக்கும். அதான் மேல ஒரு கவர் மாட்டி உட்டோம்.”

உண்மைதான். படத்தின்மேல் ஒரு பிளாஸ்டிக் கவரைக் கவிழ்த்து, இரண்டு பக்கமும் கிளிப் போட்டிருந்தார்கள். படம் துளிகூட நனையவில்லை. என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

மேடம் வந்து வெறும் கொடிகளைப் பார்த்து முழித்தார். நான் அசரவில்லை. “கண்காட்சி உள்ளே இருக்கிறது” என்று வீடு வீடாகக் கூட்டிப்போனேன். ஒரு வீட்டில் படம் புத்தர் பக்கத்தில் இருந்தது, இன்னொரு வீட்டில் பிரிட்ஜ் மேல். எல்லா வாசலிலும் “பன்னி மேடம், ஒளகே பன்னி” என்று கன்னடத்தில் உள்ளே அழைத்து உட்கார வைத்தார்கள். டீ வேண்டாம் என்று அவர் சொன்னதை ஒருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கடைசியாகக் கொடியில் இருந்த படத்துக்கு வந்தோம்.

“இது யார் வீட்டுப் படம்?” என்று கேட்டார்.

அம்மா எங்கள் வாசலில் நின்றாள். சித்தி அவள் வாசலில் நின்றாள்.

“எங்களுக்கு வேணாம். அவங்களே வெச்சிக்கட்டும்” என்றாள் அம்மா, என்னைப் பார்த்து.

“எங்களுக்கும் வேணாம்னு சொல்லு” என்றாள் சித்தி, அவளும் என்னைப் பார்த்து.

“சரி, அப்ப இங்கியே தொங்கட்டும். மழை பேஞ்சி கிழிஞ்சி போவட்டும்” என்று சொல்லிவிட்டு மேடத்தோடு கிளம்பினேன். பஸ் ஸ்டாப் வரை அவர் பாராட்டிக்கொண்டே வந்தார். எனக்கு ஒன்றும் காதில் ஏறவில்லை.

சாயங்காலம் திரும்பியபோது கொடி காலியாக இருந்தது. எங்கள் வீட்டுச் சுவரில் படம் மாட்டியிருந்தது, ஆனால் பாதிதான். அம்மா மட்டும் சிரித்துக்கொண்டிருந்தாள்.

“கத்தரிச்சிட்டியா? உனக்கு மனசு வந்துச்சா?” என்று கத்தினேன். அழுகையும் வந்துவிட்டது.

“எம்பாதி எனக்கு, அவ பாதி அவளுக்கு. எதுக்கு அழுவுற?” என்றாள் அம்மா.

அவ. ‘அவங்க’ இல்லை. நான் கிட்டே போய்ப் பார்த்தேன். மேலிருந்து நேராக இறங்கிய வெட்டு, தோள் வந்ததும் வளைந்திருந்தது. வளையல் போட்ட கையை மணிக்கட்டு வரை சுற்றிக்கொண்டு போய், அப்புறம்தான் மறுபடி நேராக இறங்கியிருந்தது. அம்மாவின் தோளில் சித்தியின் கை அப்படியே இருந்தது.

“யாரு கத்தரிச்சது?”

“அவதான். கோணலா போவப்போவுதுன்னு நான் புடிச்சிக்கினேன்.”

பக்கத்து வீட்டுக்கு ஓடினேன். அதே சுவரின் மறுபக்கத்தில், சித்தியின் பாதிக்கு அவள் ஆணி அடித்துக்கொண்டிருந்தாள். படத்தில் வாய் நிறையச் சிரிப்பு. நீட்டிய கை மணிக்கட்டோடு நின்றுவிட்டிருந்தது.

“சித்தி, உங்க கை எங்க?”

சித்தி திரும்பாமலே சொன்னாள்: “அங்கதான் இருக்கு. அங்கியே இருக்கட்டும்.”