ஹர்த்தால் கேட்டு வேண்டிய பக்தன்

2001-ஆம் வருடம். பி.காம். முடித்து மூன்று வருடமாகியும் எனக்கு வேலை இல்லை. கொச்சி மட்டாஞ்சேரியில் கார்ப்பரேஷன் குவார்ட்டர்ஸில் இருந்தோம். அப்பா துப்புரவுத் தொழிலாளி. ஆவணியில் ரிட்டயர்மென்ட், அதோடு வீட்டையும் காலி செய்ய வேண்டும். வேறு வீடு பார்க்கச் சம்பாதிக்கிற ஆள் கிடையாது. சாப்பிடுகிற ஆளாக நான் இருந்தேன்.

கடை வேலைகள் வந்தன. டிகிரி படித்தவன் பொட்டலம் கட்டுவதா என்று விட்டுவிட்டேன். ஆபீஸ் இன்டர்வியூக்களில் ஆங்கிலத்தில் உன்னைப் பற்றிச் சொல் என்பார்கள். என்னைப் பற்றி எனக்கே ஒன்றும் ஞாபகம் வராது. அப்பா லீவு போட்டதே இல்லை என்று அக்கம்பக்கத்தில் சொல்வார்கள். அவர் கிளம்பும் நேரத்தில் நான் விழித்திருந்தால்தானே தெரியும்.

ஆடி மாதம் வில்லிங்டன் தீவில் ஒரு கம்பெனியிலிருந்து இன்டர்வியூ வந்தது. அம்மா என்னை மாரியம்மன் கோயிலுக்கு அழைத்துப் போனாள். "எம்மகனுக்கு இந்த வேல கிடைக்கணும் தாயே" என்று அழுதாள். பக்கத்தில் நின்று நான் மனதுக்குள் வேண்டினேன்: 'தாயே, இந்த இன்டர்வியூ நடக்காமல் போகணும்.'

அம்மன் கேட்டுவிட்டாள். இன்டர்வியூ அன்றைக்கு ஹர்த்தால், ஊரே முழு அடைப்பு. பஸ் இல்லை, படகு இல்லை, சாயாக்கடைகூட இல்லை. நிம்மதியாகப் போர்த்திக்கொண்டேன்.

விடியுமுன் அப்பா போர்வையை உருவினார்.

"எந்திரிடா. இன்டர்வியூ இல்லையா?"

"ஹர்த்தாலுப்பா. ஒருத்தரும் வரமாட்டாங்க."

"குப்பைக்கு ஏதுடா ஹர்த்தால்? நான் போறேன்ல. சைக்கிள்ல ஏறு."

பாலம் தாண்டி கம்பெனி வாசலில் இறக்கிவிட்டு வேலைக்குப் போய்விட்டார். ஆபீஸ் திறக்க வெகுநேரம் இருந்தது. வாட்ச்மேன் என்னைத் திருடனைப்போலப் பார்த்தார்.

தீவிலேயே குடியிருந்த மேனேஜர் நடந்து வந்தார். இன்டர்வியூவுக்கு வந்திருந்தது நான் ஒருவன்தான். பஸ் இல்லாமல் எப்படி வந்தேன் என்று, ஆங்கிலத்தையே மறந்து மலையாளத்தில் கேட்டார்.

"பஸ்ஸில்லாதெ எங்ஙன வந்நு மோனே?"

"அச்சன் சைக்கிளில் கொண்டுவிட்டு, சார்."

"அச்சன் எவிடே?"

"ஜோலிக்குப் போயி."

ஹர்த்தாலிலும் மகனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு வேலைக்குப் போன அப்பாவின் பிள்ளை போதும் என்றார். இன்டர்வியூவே நடத்தாமல் நாளை முதல் வரச் சொல்லிவிட்டார்.

ஆவணியில் என் சம்பளத்தில் வாடகை வீட்டுக்குப் போனோம். நான் வேண்டியதை அன்றுதான் அம்மாவிடம் சொன்னேன். "அடப்பாவி, ரெண்டு பேர் கேட்டதையும் அம்மன் ஒரே நாள்ல முடிச்சிட்டாளே" என்று சிரித்தாள்.

இன்றும் அதே கம்பெனி. ஹர்த்தால் வந்தால் அப்பாவின் சைக்கிளில்தான் போகிறேன்.

அம்மனை நம்பிக் கேளுங்கள். என்னைப்போல் தப்பாகக் கேட்டுவிட்டாலும் பயம் வேண்டாம். பக்கத்தில் நின்று உங்களுக்காகச் சரியாகக் கேட்கிறவர் ஒருவர் இருப்பார். தாய்க்கு அந்தக் குரலும் கேட்கும்.