நூறு கோட்டை நெல்

யுத்த காலத்தில், மாட்டுங்காவில் எனக்கு ஜவுளிக் கமிஷனில் நல்ல பணம் வந்தது. வருமான வரி ஆபீசில் அதை ஊரிலுள்ள வயலின் விளைச்சல் என்று எழுதிக் கொடுத்தேன். விவசாய வருமானத்துக்கு அந்த வரி கிடையாது. ஆபீசர் சாட்சி கேட்டார். விளைச்சலில் பாதி எனக்கு என்று வயலை வாரத்துக்குப் பயிர் செய்தவரைத் திருநெல்வேலியிலிருந்து வரவழைத்தேன்.

ஒல்லியான, கறுத்த மனிதர். சாப்பிட உட்கார்ந்தால் முதலில் ஒரு பருக்கையை எடுத்து நசுக்கிப் பார்ப்பார். "ரேசன் அரிசியா? ரொம்பப் பழசு" என்பார்.

"வருசத்துக்கு நூறு கோட்டை வெளஞ்சுதுன்னு சொல்லும்" என்றேன்.

கை சோற்றிலேயே நின்றது. "முப்பதுதானே வெளஞ்சுது? அதுல பாதிய ஒங்களுக்கு அளந்தேன். நூறுன்னா, மிச்சத்த நான் களவாண்டதா ஆயிருமே அய்யா?"

"காகிதத்துலதானே? யாரு பாக்கப் போறா?"

மறுநாள் ஆபீசரிடம் நான் சொன்னபடியே சொன்னார். குரல்தான் எழும்பவில்லை.

ரயில் ஏற்றிவிடப் போனேன். ஜன்னல் வழியே என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஊருல யாருட்டயும் சொல்லிராதீய அய்யா. அளவு சுத்தம்னுதான் எனக்குப் பேரு."

பொய் என்னுடையது. மறைக்கச் சொல்லிக் கெஞ்சியவர் அவர். நானும் சரியென்று தலையாட்டினேன், ஏதோ பெரிய மனசு பண்ணுகிறவனைப் போல.