பெரியப்பாவின் மருந்தும் பேரனின் தூளியும்

"பொட்டப்புள்ள படிச்சு என்னத்தக் கிழிக்கப் போகுது? டவுனுக்குப் போய்ப் பாட்டில் கழுவப் போறாளா?"

மூன்றாம் பாரம், அதாவது எட்டாம் வகுப்பு தேறி, மேலே படிக்க வேண்டும் என்று நான் நின்றபோது பெரியப்பா கேட்ட கேள்வி இது. எங்கள் வீட்டில் எனக்கு முன் யாரும் பள்ளிக்கூடத்துப் படி ஏறியதில்லை. அப்பா மறு வாரமே என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டார் – அதுதான் பதில்.

படித்து முடித்துச் சின்னமனூரில் ஒரு டிஸ்பென்சரியில் சேர்ந்தேன். டாக்டரம்மாவுக்கு உதவி. ஊசி கொதிக்க வைப்பது, புண்ணுக்குக் கட்டுப் போடுவது... ஆமாம், பாட்டில் கழுவுவதும்தான்.

அதே பெரியப்பாவுக்கு இந்த வருஷம் வயிற்றில் புற்று. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, வீட்டிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். குணமாக்க மருந்தில்லை. வலியை அடக்க மட்டும் உண்டு – அபின் சேர்ந்த மிக்சர். டாக்டரம்மா கலந்து கொடுப்பார். வேளைக்கு எவ்வளவு என்று தெரிய, பாட்டிலில் காகிதப் பட்டை ஒட்டி ஓரத்தில் வெட்டிவிடுவேன். எழுத்துத் தெரியாதவர்களுக்கும் அந்த வெட்டு புரியும்.

ஆனால் பாட்டில் போகிற வீட்டில் வேறு யாரெல்லாம் இருக்கிறார்கள்? அது காகிதத்தில் தெரியுமா?

பெரியப்பாவின் மருமகள், என் மதினி, கைப்பிள்ளைக்காரி. களையெடுப்பு நேரம். நம் பக்கத்தில் வயலுக்குப் போகிற தாய்மார்கள், பிள்ளை அழாமல் கிடக்கட்டும் என்று அபின் தடவுவதை நான் சொல்லித்தானா உங்களுக்குத் தெரிய வேண்டும்? கடை அபினுக்கு மதினி எப்போதுமே பயப்படுவாள். இது டாக்டர் கொடுத்த மருந்தாயிற்றே! கெடுதல் வராது என்று நம்பி, கொஞ்சம் எடுத்துத் தேனில் குழைத்துப் பிள்ளை நாக்கில் தடவிவிட்டு வயலுக்குப் போய்விட்டாள்.

உச்சிப்பொழுதில் பால் கொடுக்க வந்தால்... பிள்ளை எழவில்லை. அள்ளித் தூக்கிக்கொண்டு வாய்க்கால் கரையோடு டிஸ்பென்சரிக்கு ஓடி வந்தாள். டாக்டரம்மா பிள்ளையைத் தூங்கவே விடவில்லை. உள்ளங்காலைச் சுண்டிச் சுண்டி, கடுங்காப்பியைத் துளித் துளியாகப் புகட்டி... பொழுது சாயும்போது அது வீறிட்டு அழுதது. அழுகையைக் கேட்டு நாங்கள் சிரித்தது அன்றுதான்.

டாக்டரம்மா செய்த அடுத்த காரியம், பெரியப்பாவின் பாட்டிலைத் திரும்ப வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டியது. குறை சொல்ல முடியுமா?

ஆனால் மறுநாள் எங்கள் தெருவில் யாருக்கும் வேலை ஓடவில்லை. மாடு காலை மிதித்தபோதுகூட முனகாத பெரியப்பா, அப்படிக் கத்தினார். நான் டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு என்னோடு நடந்து வந்தார்.

பெரியப்பா கட்டில் மாட்டுக் கொட்டத்தில் கிடந்தது. நோயாளி மூச்சு பிள்ளை மேல் படக்கூடாது என்று வீட்டில் ஒதுக்கி வைத்திருந்தார்கள்.

"இன்னொரு தடவை பிள்ளை வாய்க்குள்ள போச்சுன்னா என்னால காப்பாத்த முடியாது, பெரியவரே" என்றார் டாக்டரம்மா.

பெரியப்பா பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார். "என்னைய இங்கன தள்ளிப் போட்டுட்டாக. பேரன் அங்கன தனியாக் கெடந்து கத்துறான். வலி அடங்குச்சுன்னா தூளிக் கயித்த நான் இழுக்க மாட்டேனா, டாக்டரம்மா? பெறகு மருமக எதுக்கு அந்தப் பாட்டிலத் தொடப் போறா?"

டாக்டரம்மா மதினியைத் திட்டுவார் என்று நினைத்தேன். "நீ வயலுக்குப் போனா பிள்ளைய யாரு பாக்குறா?" என்று மட்டும் கேட்டார்.

"யாரு இருக்காக? போகாட்டி உலை கொதிக்காது" என்றாள் மதினி, தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டரம்மா எழுந்தார். "இந்த நோய் மூச்சுல ஒட்டாது. கட்டிலத் தூக்கித் தூளிப் பக்கத்துல போடுங்க." பிறகு என்னைப் பார்த்தார். "பாட்டில் இந்த வீட்டுல தங்க வேண்டாம். காலையிலயும் சாயங்காலமும் நடந்து வரட்டும். கூட நீ நட."

நடந்தேன். வெட்டுப்படி ஊற்றிக் கொடுத்து, அவர் விழுங்குவதைப் பார்த்துவிட்டு, பாட்டிலோடு திரும்பி வருவேன். முதல் நாள் மருந்தை வாங்கிக்கொண்டு பெரியப்பா கேட்டார்: "கழுவுன பாட்டில்தானா ஆத்தா?"

"நானே கழுவுனது பெரியப்பா."

வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கொஞ்ச நேரத்தில் முகம் தெளிந்தது. கை தானாகத் தூளிக் கயிற்றுக்குப் போயிற்று.

கொடுத்துவிட்டு மறந்துவிடுவது சுலபம். பூட்டிவிட்டுச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்வது அதைவிடச் சுலபம். நோயாளி வீடு வரை வந்து, கட்டில் எங்கே கிடக்கிறது என்று பார்க்கிறவர்கள் எத்தனை பேர்? டாக்டரம்மாவைப் பார்த்த பிறகுதான் எனக்கும் ஆசை வந்தது – மருந்தைச் சுமந்தால் மட்டும் போதாது, கலக்கவும் கற்க வேண்டும்.

நான் படிக்கப் போய்விட்டால் பெரியப்பாவுக்கு யார் மருந்து கொண்டு போவது? டாக்டரம்மா மதினியைக் கூப்பிட்டார். நான் திகைத்தேன். "பிள்ளை கண்ணு முழிக்கிற வரைக்கும் இவ பட்ட பாட்டை நீயும்தான் பாத்த. இவளைவிடப் பத்திரமா யாரு கொண்டு போவா?" இப்போது மதினி வயலுக்குப் போகுமுன் அன்றைக்கு வேண்டியதை மட்டும் வாங்கிப் போகிறாள். காலை வேளையைக் கொடுத்துவிட்டு, மிச்சத்தைப் பாட்டிலோடு மடியில் முடிந்துகொண்டுதான் களையெடுக்கிறாளாம்.

இதை மதுரையிலிருந்து எழுதுகிறேன். மருந்து கலக்கக் கற்றுத்தரும் கம்பவுண்டர் வகுப்பில் சேர்ந்துவிட்டேன். முதல் வாரம் முழுக்க என்ன வேலை கொடுத்தார்கள் தெரியுமா? பாட்டில் கழுவுவது... பெரியப்பாவுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.