கடைசி பெஞ்ச் ஜெயா

தெய்வசிகாமணியை எனக்குப் பிடிக்காது. ஜெயாவைச் சபையில் யாருக்கும் பிடிக்காது, எனக்கும்தான். இருவரையும் நடு பெஞ்சில் உட்கார்ந்து இத்தனை வருடம் சகித்துக்கொண்டவன் என்ற உரிமையில் இதை எழுதுகிறேன்.

மரக்காணத்தில் எங்கள் ஆங்கிலிக்கன் கோவிலைக் கட்டியவர்கள் உப்புத்துறை வெள்ளைக்காரர்கள். மதராஸில் அவர்கள் தொழுத கோவில் போலவே இங்கேயும் வேண்டும் என்று கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டிக் கட்டினார்கள். கூர்நுனி வளைவு ஜன்னல்கள், தேக்குக் கூரை, சதுரமான மணிக்கூண்டு. பீடம் கிழக்கே, அதன் பின்சுவரில் பேதுருவும் படகும் உள்ள வண்ணக் கண்ணாடி. வாசல் மேற்கே, உப்பளத்தைப் பார்த்து. கிழக்கே அப்போது சாலை ஏது?

வெள்ளைக்காரர்கள் முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தார்கள். அளத்தில் வேலை செய்தவர்கள் வாசலோரம் தரையில். வெள்ளைக்காரர்கள் போனதும் முதல் பெஞ்ச் உப்பள முதலாளிகளுக்கு வந்தது. தெய்வசிகாமணியின் தாத்தா தன் பெயரைப் பித்தளைத் தகட்டில் வெட்டி அதில் அறைந்துவிட்டார். தரையில் இருந்தவர்களுக்கும் பின்னாளில் ஒரு பெஞ்ச் கிடைத்தது. கடைசி பெஞ்ச்.

ஜெயா கல்யாணமாகிக் காலனிக்கு வந்த புதிதில் இதெல்லாம் தெரியாமல் நேரே போய் முதல் பெஞ்சில் உட்கார்ந்தாள். காலையில் உப்பு வாரிவிட்டு வந்த கால். தெய்வசிகாமணி அவள் முன்னால் வந்து நின்றார். அப்போதே கமிட்டிச் செயலாளர்.

"படிக்கத் தெரியுமில்ல? பேரைப் பாத்து உக்காரு. உப்புக் காலோட வந்து ஏறிட்ட. அழுக்கு யாரு கழுவறது?"

சபை முழுக்கப் பார்த்தது. ஜெயா எழுந்து கடைசிக்குப் போனாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் திருவிருந்து என்று ஒன்று இருக்கிறது. ஒரே வெள்ளிப் பாத்திரத்தில் திராட்சைரசம், சபை முழுக்க அதிலேயே வாய்வைத்துக் குடிக்க வேண்டும். ஒரு ஈஸ்டருக்கு ஜெயா வேண்டுமென்றே முந்திப் போய் முதல் ஆளாய் முழங்காலிட்டுக் குடித்தாள். தெய்வசிகாமணி வீட்டார் அன்று குடிக்காமலே திரும்பினார்கள். அடுத்த வாரம் கமிட்டி ஒரு விதி போட்டது: பீடத்துக்கு அருகிலுள்ள பெஞ்சிலிருந்து வரிசையாகத்தான் வர வேண்டும். எழுதியவர் தெய்வசிகாமணி. காரணம் ஒழுங்காம். ஒழுங்கு என்ற வார்த்தைக்கு இதைவிடக் கேடு யாரும் செய்ததில்லை.

அன்றிலிருந்து ஜெயா எங்கள் எல்லோருக்கும் எதிரி. பாட்டில் அடித்தொண்டையில் கத்துவாள். சமாதான வாழ்த்துக்குக் கை நீட்டினால் புடவையைச் சரிசெய்வாள். தெய்வசிகாமணியின் அப்பா செத்த அன்று எல்லோரும் அழ, இவள் வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள். மாதாமாதம் கடைசி ஆளாய் முழங்காலிட்டு, எல்லா வாயும் பட்டு வந்த பாத்திரத்தில் மிச்சத்தைக் குடித்தாள். "எனக்கு ஒருநாள் வரும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள். வராது என்றுதான் நினைத்தேன்.

போன வருடம் தெய்வசிகாமணிக்கு ஒரு யோசனை வந்தது. கிழக்கே இப்போது ஓடும் ஈ.சி.ஆர். ரோட்டில் போகிற கார்க்காரனுக்குக் கோவிலின் முதுகுதான் தெரிகிறதாம். கிழக்குச் சுவரை உடைத்து ரோட்டைப் பார்த்து வாசல் வைக்க வேண்டும். பீடத்தை மேற்கே, பழைய வாசலை அடைத்து, அங்கே மாற்ற வேண்டும். நான் எதிர்த்தேன். கை தூக்கியவன் நான் ஒருவன்தான். பேதுருவும் படகும் சாக்குப்பையில் சில்லுகளாகப் போனதைப் பார்த்தபோது அந்த ஆளை அறையத் தோன்றியது. புது வாசலுக்கு கிரானைட், இரண்டு சிங்கம். கோவிலில் சிங்கம் எதற்கு என்று யாரும் கேட்கவில்லை.

பெஞ்சுகள் கடப்பைக் கல் தரையில் இறுக்கப்பட்டவை. தச்சர்கள் ஒவ்வொன்றையும் கழற்றி, இருந்த இடத்திலேயே மேற்கே பார்க்கத் திருப்பி, மறுபடி இறுக்கினார்கள். தெய்வசிகாமணி அந்த வாரம் முழுக்க வெளியே நின்று, ரோட்டிலிருந்து எப்படித் தெரிகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை பட்டு வேட்டியோடு உள்ளே வந்தவர் நின்றுவிட்டார். அவருடைய பித்தளைத் தகடு வாசலோரம், செருப்புகளுக்குப் பக்கத்தில் இருந்தது. அந்தக் கோடியில், புதுப் பீடத்துக்கு நேர் எதிரே, ஜெயா உட்கார்ந்திருந்தாள்.

வேகமாகப் போனார். "ஜெயா, கொஞ்சம் பின்னாடி போம்மா."

"எதுக்கு?"

"இது எங்க எடம்."

"உங்க பேரு போட்ட பெஞ்சு அங்க இருக்குது. பேரைப் பாத்து உக்காருங்க. இது காலனி பெஞ்சு, நீங்க காட்டுன எடம்தான்."

அவர் பாஸ்டரைப் பார்த்தார். பாஸ்டர் பாட்டுப் புத்தகத்தில் எதையோ தேடினார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கவில்லை.

திருவிருந்து வந்தது. விதி விதிதானே. பீடத்துக்கு அருகிலிருந்த பெஞ்ச் எழுந்தது. ஜெயா முதலில் முழங்காலிட்டாள். பாத்திரத்தை இரண்டு கையாலும் பிடித்து, அவசரமே இல்லாமல் குடித்தாள். பாஸ்டர் விளிம்பைத் துணியால் துடைத்து அடுத்தவருக்குக் கொடுத்தார். காலனி குடித்தது, நாங்கள் குடித்தோம். கடைசியாக வாசலோரப் பெஞ்ச். தெய்வசிகாமணியின் மனைவி அருள்மொழி எழுந்து நடந்தாள். புடவை முனையை அவர் பிடித்து இழுத்தார். அவள் விடுவித்துக்கொண்டு வந்து, முழங்காலிட்டுக் குடித்தாள்.

அவருக்காகப் பாஸ்டர் பாத்திரத்தோடு காத்து நின்றார். கோவிலே கழுத்தைத் திருப்பிப் பார்த்தது. முகம் கறுத்து எழுந்தவர் முன்னால் வரவில்லை. தான் கட்டிய வாசல் இரண்டே எட்டு என்பதால் யாரையும் தாண்ட வேண்டியிருக்கவில்லை. கதவை விரியத் திறந்து ரோட்டில் இறங்கினார். பாண்டிச்சேரி பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போனது.

ஜெயா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கப்பா," என்றாள். "அழுக்கு உள்ள வருது."