வயர்மேன் வேலுச்சாமி போடாத கையெழுத்து

திங்கட்கிழமை காலை மீட்டர் பார்க்க வந்தவர்தான் சொன்னார். கணியூரில் தம்பி வீட்டில் மூன்று நாள் இருந்துவிட்டு, முந்தின நாள் மாலைதான் திருப்பூர் திரும்பியிருந்தேன். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புகிற அவசரம். அவர் அட்டையில் எண்ணைக் குறித்துவிட்டு மெயின் போர்டை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது வேலுச்சாமி அடிச்ச போர்டுங்களா டீச்சர்?"

"ஆமாங்க."

"பாத்தாலே தெரியுதுங்க. ஒரு ஆணி கோணல் இல்ல. மனுசன் சனிக்கிழமை போயிட்டாருங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?"

எனக்குத் தெரியாது. காலையில் பல் துலக்கிக்கொண்டிருந்தவர் மார்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். மறுபடி எழுந்திருக்கவில்லையாம். அன்றைக்கு மாலையே எல்லாம் முடிந்துவிட்டது. நான் கணியூரில் தம்பி மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கிற பேச்சில் உட்கார்ந்திருந்த நேரம் அது. பள்ளிக்கூடத்துக்குப் போனேன், பாடம் நடத்தினேன், திரும்பி வந்தேன். துக்கம் கேட்கப் போவதற்குக்கூட மூன்று நாள் ஆயிற்று. கால் எழவில்லை என்பதுதான் உண்மை.

நம் வீதியில் அவரைத் தெரியாதவர் குறைவு. காக்கி அரைக்கால் சட்டை, கேரியரில் மரப்பெட்டி கட்டிய சைக்கிள், தோளில் சுருட்டிய ஒயர். யாரோடும் அதிகம் பேசமாட்டார். சுவரோடு பேசுவார். "நீ ஏன் இப்படி உதிர்றே? உன்னைக் கட்டினவன் எவன்?" என்று ஆணி அடித்துக்கொண்டே கேட்பார். சொன்ன நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே கிடையாது. அவர் வேலை மெதுவாகத்தான் நடக்கும் என்று குறைபட்டுக்கொண்டவர்களில் நானும் ஒருத்தி. குறைபட்டுக்கொண்டதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது.

பன்னிரண்டு வருஷம் ஆகிறது. என் வீட்டுக்காரர் அப்போது ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். நான் பஞ்சாயத்துப் பள்ளியில் ஆசிரியை. இருவரும் சேர்ந்து இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டுமாக இந்த வீட்டைக் கட்டி முடித்தோம். கரண்டுக்கு மனு போட வேண்டும் என்றபோதுதான் வீடு கட்டுவதே சுலபம் என்று தெரிந்தது. வீட்டு வரி ரசீது கேட்டார்கள், கொடுத்தோம். ரசீதில் மாமனார் பெயர், மனுவில் என் வீட்டுக்காரர் பெயர் என்று திருப்பி அனுப்பினார்கள். பெயரை மாற்றிக்கொண்டு போனால் வரைபடத்தில் முத்திரை இல்லை என்றார்கள். சனிக்கிழமைதோறும் அரைநாள் பள்ளி முடிந்ததும் கரண்ட் ஆபீஸ் வாசல் பெஞ்சுதான் எனக்கு வீடு. அங்கே என்னைப் போல உட்கார்ந்திருந்த முகங்கள் ஒவ்வொன்றும் பழக்கமாகிவிட்டன. யாரும் யாரையும் பார்த்துச் சிரித்ததில்லை. அவ்வளவு தெம்பு யாருக்கும் இல்லை.

எல்லாம் சரியான பிறகு ஒரே ஒரு தாள் மிஞ்சியது. வீட்டு ஒயரிங் ஒழுங்காக முடிந்திருக்கிறது, சோதித்துப் பார்த்தேன் என்று லைசென்ஸ் உள்ள வயர்மேன் கையெழுத்துப் போட்டுத் தரும் டெஸ்ட் ரிப்போர்ட். ஒயரிங் முழுக்கச் செய்தவர் வேலுச்சாமி. கையெழுத்துப் போடாதவரும் அவரே.

"எர்த் சரியில்லீங்க டீச்சர்," என்றார்.

கசிகிற கரண்ட் ஆளைத் தாக்காமல் மண்ணுக்குள் போவதற்காகப் புதைக்கும் குழாய்தான் எர்த். எட்டடி இறங்க வேண்டிய குழாய் எங்கள் வீட்டில் மூன்றடியிலேயே பாறையில் முட்டி நின்றது. மண்ணோ புழுதி. ஈரமே கிடையாது. அவர் நாலு பக்கமும் தோண்டிப் பார்த்தார். கடைசியில், எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டு நாச்சிமுத்து அண்ணன் வீட்டுக்கும் நடுவே இருக்கும் சந்தில், துணி துவைக்கிற தண்ணீர் ஓடும் இடத்தில் போட்டால்தான் நிற்கும் என்றார். சந்து நாச்சிமுத்து அண்ணனுடையது. அவர் சம்மதிக்கவில்லை.

"இப்ப குழாய் பொதைப்பீங்க. நாளைக்கு எடமே எங்களுதும்பீங்க," என்று உள்ளே போய்விட்டார்.

சித்திரை வெயில். மாமனாருக்கு இரைப்பு நோய். மூச்சுக்கு ஏங்கி ஏங்கி இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பார். அவருக்காகவே ஒரு மேஜை விசிறி வாங்கி, பெட்டியைக்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தோம். நான் வேலுச்சாமியிடம் கெஞ்சினேன்.

"எல்லாரும் போட்டுத் தர்றாங்களாமே அண்ணா. ஒரு கையெழுத்துத்தானே?"

"கையெழுத்து ஒரு நிமிசத்துல போட்டுறலாமுங்க. ஊடு நிக்கற வரைக்கும் அது நிக்கோணுமல்லங்க? நாச்சிமுத்துகிட்ட நான் இன்னொருக்காப் பேசறனுங்க."

பேசினாரா என்று எனக்குத் தெரியாது. மூன்று வாரம் ஆளையே காணோம். அருள்புரத்தில் ஏதோ வேலை என்றார்கள். எனக்குத் தலைக்கேறிவிட்டது. நம்மிடம் எதையோ எதிர்பார்த்துத்தான் இழுத்தடிக்கிறார் என்று ஆபீஸ் பெஞ்சில் யாரோ சொன்னதை அப்படியே பிடித்துக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து கரண்ட் ஆபீஸுக்கு இரண்டு பக்கத்துக்கு ஒரு புகார் எழுதி அனுப்பினேன். வேலையை முடித்துவிட்டு வேண்டுமென்றே கையெழுத்துப் போடாமல் அலைக்கழிக்கிறார், நோயாளி இருக்கும் வீடு, ஏழை ஆசிரியை என்றெல்லாம் எழுதினேன். என் கையெழுத்து அழகாக இருக்கும். அன்றைக்கு இன்னும் அழகாக இருந்தது.

வேறொரு வயர்மேனைப் பிடித்தோம். அவர் வீட்டுக்குள்கூட வரவில்லை. சைக்கிளில் ஒரு காலை ஊன்றியபடியே ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். சோதித்துப் பார்க்க ஆபீஸிலிருந்து வந்தவரும் அவசரத்தில் இருந்தார். பத்து நாளில் வீட்டில் விளக்கு எரிந்தது. மாமனார் விசிறிக் காற்றில் கண்ணை மூடிக்கொண்டு, "இப்பத்தான் சாமி உசுரு வந்துச்சு," என்றார். நான் செய்தது சரிதான் என்று அப்போது நினைத்தேன்.

அந்தப் புகாரால் வேலுச்சாமியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள் என்பதும், அது முடியும்வரை அவருடைய லைசென்ஸைப் புதுப்பிக்காமல் நிறுத்திவைத்தார்கள் என்பதும், நாலு மாதம் அவர் சொந்தமாக ஒரு வீட்டு வேலைகூட எடுக்க முடியாமல், லைசென்ஸ் உள்ள இன்னொருவருக்கு உதவியாளாகப் போனார் என்பதும் எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதே வீதியில் தினமும் எதிர்ப்படுவார். "போயிட்டு வாங்க டீச்சர்" என்பார். முகத்தில் ஒன்றும் இருக்காது.

ஆடி மாதம் ஒரு ஞாயிறு காலை. என் வீட்டுக்காரர் குளித்துவிட்டு ஈரத்துண்டோடு வந்தார். மாமனார் கட்டிலுக்குக் காற்று வரவில்லை என்று விசிறியைத் தூக்கி நகர்த்தினார். ஒரு சத்தம். அது மனிதக் குரல் போலவே இல்லை. நான் சமையல்கட்டிலிருந்து ஓடிவந்தபோது அவர் விசிறியைப் பிடித்தபடி விறைத்து நின்றார். நான் போய்ப் பிடித்திருப்பேன். "தொடாதே!" என்று கத்திக்கொண்டே மாமனார் கைத்தடியை வீசி ஒயரில் அடித்தார். பிளக் பிடுங்கிக்கொண்டு வந்தது. இவர் அப்படியே கீழே விழுந்தார்.

சந்து வழியாக நாச்சிமுத்து அண்ணன் ஓடிவந்து பார்த்தார். எங்கள் யாரையும் ஒரு வார்த்தை கேட்காமல் நேராக வேலுச்சாமி வீட்டுக்கு ஓடினார். வேலுச்சாமி வந்ததும் முதலில் மெயின் ஃபியூஸைப் பிடுங்கினார். அப்புறம்தான் என் வீட்டுக்காரருக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். மார்பில் காதை வைத்துக் கேட்டார். "இருக்காருங்க. வண்டி கொண்டாங்க," என்றார். குதிரை வண்டியில் இவரை மடியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனவர் வேலுச்சாமி.

உயிர் பிழைத்தது. வலது கையில் இரண்டு விரல்கள் கருகி மடங்கிப்போயின. கத்திரி பிடிக்கிற கை அது. கம்பெனியில் நல்லவர்கள், வேலையை விட்டு நிறுத்தவில்லை. கட்டிங் மேஜையிலிருந்து மாற்றி செக்கிங்கில் உட்கார வைத்தார்கள். அடுக்கி வைத்த பனியனில் ஓட்டை தேடுகிற வேலை. இன்றுவரை அதைத்தான் செய்கிறார். அதைப் பற்றி என்னை ஒரு வார்த்தை சொன்னதில்லை. சொல்லியிருந்தால் கொஞ்சம் இலகுவாக இருந்திருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த வாரமே வேலுச்சாமி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார்.

"இந்தக் கனெக்‌ஷனை நிறுத்தச் சொல்லி எழுதிக் குடுக்கோணுமுங்க டீச்சர். எர்த் போட்டு, மறுபடி டெஸ்ட் பண்ணி, புதுசா ரிப்போர்ட் குடுத்து வாங்கிக்கலாம். மாசக்கணக்காகுமுங்க."

"நீங்களே எழுதிடுங்களேன் அண்ணா. நான் கையெழுத்துப் போடறேன்."

"இல்லீங்க, நீங்களே எழுதுங்க. உங்க எழுத்து தெளிவா இருக்குது. ஆபீசுல படிச்ச உடனே புரிஞ்சுக்கறாங்க."

குத்திக்காட்டினாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். இல்லை. அவருக்கு அது வெறும் விவரம். புகாரை அவரிடம் படிக்கக் கொடுத்திருக்கிறார்கள். அதில் அவர் கவனித்த நல்ல விஷயம் எழுத்துத் தெளிவு. நான் உள்ளே போய்த் தாளை எடுத்து எழுதினேன். அவ்வளவு கோணலாக நான் என்றைக்கும் எழுதியதில்லை.

மறுபடி இருட்டு. மறுபடி அதே பெஞ்சு. நாச்சிமுத்து அண்ணன் தானாகவே வந்து சந்தில் தோண்டிக்கொள்ளச் சொன்னார். அவருக்கும் அந்தச் சத்தம் காதில் இருந்திருக்கும். வேலுச்சாமி கடப்பாரையோடு இறங்கினார். ஏழாவது அடியில் ஈரமண் வந்தது. கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டுக் குழாயை இறக்கினார். சோதித்துப் பார்த்துவிட்டு, "பத்தாது," என்று நாலடி தள்ளி இன்னொரு குழி தோண்டினார். கார்த்திகை முடிகிற சமயத்தில் இன்ஸ்பெக்டர் வந்து, கையால் சுற்றும் சோதனைப் பெட்டியை வைத்து ஒவ்வொரு ஒயராகப் பார்த்தார். முதல் தடவை வந்தவர் அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வேலுச்சாமி பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார். அன்றைக்குத்தான் எனக்கு வாய் வந்தது.

"அண்ணா, நான் உங்க மேல எழுதினது..."

அவர் கயிற்றை இழுத்து முடிச்சுப் போட்டார்.

"அதுல ஒண்ணுதானுங்க தப்பு. நான் கடைசியா வந்து பாத்தது புதன்கிழமைன்னு எழுதியிருந்தீங்க. செவ்வாயிங்க. எனக்கு முருகன் விரதம். நீங்க காப்பி குடுத்தீங்க, நான் வேண்டாம்னனுங்க."

"மத்ததெல்லாம்?"

"மத்தது உங்க வருத்தமுங்க. அதை நான் எப்படித் தப்புன்னு சொல்றது?"

சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்க அவர் இடம் கொடுத்ததே இல்லை.

தைப்பொங்கலுக்குக் கொஞ்சம் கரும்பும் வெல்லமும் எடுத்துக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனேன். அதுதான் முதல் தடவை. விளக்கு வைக்கிற நேரம். அவர் மனைவி அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். கரண்ட் போய்விட்டதா என்று கேட்டேன்.

"எங்கூட்டுக்குக் கரண்டே இல்லீங்களே டீச்சர். வாடகை ஊடு. சம்மதம்னு ஊட்டுக்குச் சொந்தக்காரர் எழுதிக் குடுத்தாத்தான் ஆகுமாம். அவரு குடுக்க மாட்டீங்கறாரு. பக்கத்துலிருந்து ஒரு ஒயர் இழுத்துக்கலாம்னா, இவரு சத்தம் போடறாரு."

வேலுச்சாமி உள்ளேயிருந்து, "கரண்டுக்கு ஆள் அடையாளம் தெரியாது. வயர்மேன் ஊடுன்னு விட்டுருமா?" என்றார்.

வீதி முழுக்க ஒயர் இழுத்தவர், தன் வீட்டில் மண்ணெண்ணெய் விளக்கில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அன்று ஒரு வேலை கிடைத்தது. அந்த வீட்டின் சொந்தக்காரரைத் தேடிப் போனேன். கொமரலிங்கத்தில் தோட்டம் வைத்திருந்தவர். பாதி நாள் அங்கேதான் இருப்பார். இரண்டு தடவை பஸ் ஏறிப் போய் வெறுங்கையோடு திரும்பினேன். கரண்ட் வந்தால் குடியிருக்கிறவன் காலி பண்ண மாட்டான் என்பது அவர் பயம். மூன்றாவது தடவை, சம்மதக் கடிதத்தை நானே எழுதி எடுத்துப்போய், ஒவ்வொரு வரியாகப் படித்துக் காட்டினேன். காலி செய்யச் சொன்னால் காலி செய்வார் என்று ஒரு வரி சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். கையெழுத்துப் போட்டார். வேலுச்சாமியின் மனுவும் அதன்பின் எட்டு மாதம் ஆபீஸில் கிடந்தது. வயர்மேன் என்று யாரும் அவரை முன்னால் தள்ளிவிடவில்லை, அவரும் கேட்கவில்லை. பெஞ்சில் அவருக்குப் பக்கத்தில் நானும் சில சனிக்கிழமைகள் உட்கார்ந்திருந்தேன். கடைசியில் விளக்கு வந்தது. நான் செய்ததற்கு அது ஈடு என்று நான் நினைக்கவில்லை. அவர் அப்படிக் கணக்குப் போடுகிறவரும் இல்லை.

பின்னாளில் கம்பெனிகள் பெருகின. மாடி வீடுகள் வந்தன. அவசரக்காரர்கள் அவரைக் கூப்பிடுவதை விட்டுவிட்டார்கள். சிறிதாக வீடு கட்டியவர்கள் மட்டும் கூப்பிட்டார்கள். அவர்களையும் அவர் காக்க வைத்தார், திட்டு வாங்கினார். ஓய்ந்துபோன முகத்தோடுதான் கடைசி வருஷங்களில் அவரைப் பார்த்தேன். ஒருநாள், "சலிப்பா இல்லீங்களா அண்ணா?" என்று கேட்டேன். "சலிப்புத்தானுங்க. அதுக்காக எட்டடியை ஏழடின்னு எழுத முடியுமுங்களா?" என்றார்.

துக்கம் கேட்கப் போனபோது அவர் மனைவியிடம் புகாரைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்துவிட்டு வந்துவிட்டேன். அவரை அறிந்த, இந்த வீதிக்காரர்களான உங்களிடம் இதைச் சொல்கிறேன். அவர் மேல் ஒரு புகார் இருந்ததாக உங்களில் சிலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதை எழுதியவள் நான். அது பொய் என்று அவர் உயிரோடு இருந்தபோதே நான் எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். செய்யவில்லை.

இந்த வீதியில் மனு எழுத வேண்டுமென்றால் இன்னமும் என்னிடம்தான் வருகிறார்கள். நேற்று மாலை ஓர் அம்மா வந்தார். ரேஷன் கடைக்காரர் இரண்டு மாதமாக அரிசி இல்லையென்று திருப்பி அனுப்புகிறாராம். மேலிடத்துக்குக் காரமாக எழுதித் தரச் சொன்னார். தாளை எடுத்தேன். எடுத்துவிட்டு, "ஏன் இல்லைன்னு அவரைக் கேட்டீங்களா?" என்றேன். கேட்கவில்லை என்றார். உடம்பெல்லாம் அசதி, உட்கார்ந்த இடத்தை விட்டு எழ மனமில்லை. ஆனாலும் செருப்பை மாட்டிக்கொண்டு அந்த அம்மாவோடு ரேஷன் கடைக்கு நடந்தேன். வேலுச்சாமி அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது இந்த நடைதான்.